கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கோடு

பட்டியல் போட்டு வாழ்கிறவர்களிடம் ஒரு குறை உண்டு. பட்டியலில் இல்லாத எதையும் மற்றவர்கள் செய்ய மாட்டார்கள் என்று நம்பிவிடுவார்கள். நான் அப்படிப்பட்டவள். ஊருக்குக் கிளம்பினால் எடுத்துப்போக வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல், அந்தப் பட்டியலை எங்கே வைத்தேன் என்பதற்கு இன்னொரு பட்டியல். (இது என் கணவர் கட்டிய கதை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் உண்மை.)

இந்தக் குறை எனக்கு இருக்கிறது என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையில் சங்கு குளிக்கிற இருபத்தேழு பேர் சேர்ந்து எனக்குக் காட்டிக்கொடுத்தார்கள். யுத்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. சென்னையில் ரசாயனம் படித்து, மேற்கொண்டு ஒரு வருஷம் மருந்து தயாரிக்கவும் பழகிவிட்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தரும ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். அங்கே என்னை என்னவென்று கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் 'கம்பவுண்டரம்மா' என்று ஆக்கிவிட்டார்கள்.

கப்பல்கள் ஒழுங்காக வராத நாட்கள் அவை. வயிற்றுக்கடுப்புக்குப் போடுகிற சீமை ஊசி மருந்து ஒரே ஒரு பெட்டிதான் மிச்சம் இருந்தது. எங்கள் டாக்டர் தங்கராஜ் அதை ரத்தம் போகிறவர்களுக்கு மட்டும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். மற்ற வயிற்றுப்போக்குக்கு என்ன செய்வது? குடசப்பாலைப் பட்டை இருக்கிறதே என்றார். நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கஷாயம் வைத்துக் கொடுப்பதுதான். ஆனால் கஷாயம் ஒரு நாள் இருப்பதுபோல் மறுநாள் இருக்காது. பட்டையிலிருந்து சத்தை மட்டும் பிரித்தெடுத்து, என்றைக்கும் ஒரே வீரியத்தில், அளந்து கொடுத்தால் என்ன என்பது அவருடைய யோசனை. பிரித்தெடுப்பது என் வேலை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் விறகு போட்டுவைத்திருந்த ஓர் அறையை எனக்குக் காலி செய்து கொடுத்தார்கள். பட்டையை இடித்து, சாராயத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து, கொஞ்சம் அமிலம், பிறகு அம்மோனியா என்று போனால், ஒரு பானைப் பட்டைக்கு ஒரு கரண்டி வெளிர்மஞ்சள் பொடி அடியில் தங்கும். தொட்டு நாக்கில் வைத்தால் அன்று முழுவதும் குடிக்கிற காப்பியெல்லாம் கசக்கும். எனக்கு அந்த அறையின் மேல் அளவில்லாத பிரியம். என் வாழ்க்கையில் என் பெயருக்கென்று ஒரு பூட்டும் சாவியும் கிடைத்தது அங்கேதான்.

ஆனால் அறை எனக்கு நிரந்தரம் இல்லை. ஜில்லாவின் பெரிய டாக்டர் ஒரு நிபந்தனை எழுதி அனுப்பியிருந்தார். கேள்விப்பட்டதெல்லாம் போதாது, சோதித்துக் காட்ட வேண்டும். மருந்து குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிடச் சீக்கிரம் தேறினால் அறையும் அந்தப் பெண்ணும் இருக்கலாம். இல்லையென்றால் அறையைப் பழையபடி விறகுக்கு விட்டுவிடவும். அந்தப் பெண்ணை எதற்கு விடுவது என்று அவர் எழுதவில்லை. என் அம்மாவிடம் அதற்கு ஒரு யோசனை இருந்தது. அந்த யோசனைக்கு விளாத்திகுளத்தில் பருத்திக்கடையும், அடர்ந்த மீசையும் இருந்தன.

சோதனைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அது சங்கு குளிக்கும் பருவம். வெளியூர்களிலிருந்து வந்த குளியாட்கள் கடற்கரையில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். ஒரு மழை பெய்து கிணறு கலங்கியது. அடுத்த வாரம் மூன்று வள்ளங்களின் ஆட்கள் மொத்தமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வள்ளத்துக்கு எட்டுப் பேர், அவர்களுக்கு மேல் ஒரு தண்டல், அதாவது வள்ளத்தின் தலைவர். டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்தார். யாருக்கும் ரத்தம் போகவில்லை, காய்ச்சல் இல்லை. கஞ்சியும் உப்பிட்ட மோரும் எல்லாருக்கும் என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏற்கெனவே பட்டியல் எழுத ஆரம்பித்திருந்தேன்.

என் ஏற்பாட்டை இன்றைக்கும் என்னால் ஒப்பிக்க முடியும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீசா, நாலு நாளைக்கு. பக்கவாட்டில் வேளை அளவு காட்டும் காகிதம் ஒட்டியது. ஒரு வள்ளத்தில் நாலு பேருக்குச் சீசாவின் கழுத்தில் சிவப்பு நூல்; அதில் மருந்து. நாலு பேருக்கு வெள்ளை நூல். அதில் மருந்து மாதிரி ஒன்று. நிறத்துக்குக் கருப்பட்டி, கசப்புக்கு நிலவேம்பு. (கருப்பட்டி, கடற்கரை முழுவதும் வாங்குகிற எங்கள் அப்பாவின் மண்டியிலிருந்து வந்தது. இந்தத் தகவலை மறந்துவிடாதீர்கள்.) மூன்று தண்டல்களுக்கும் மரியாதைக்காகச் சிவப்பு நூல். எது எது என்பது எனக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும்.

எத்தனை தடவை போகிறார்கள் என்பதை எண்ண வேண்டுமே. எழுதத் தெரிந்தவர்கள் குறைவு, கேட்டால் வெட்கப்படுவார்கள். ஆளுக்கு ஒரு சிகரெட் டப்பா, மேலே நம்பர். ஒவ்வொரு தடவை உடைமரப் புதர்ப் பக்கம் போய்வரும்போதும் ஒரு புளியங்கொட்டை உள்ளே போட வேண்டும். மறுநாள் காலை டப்பாக்கள் என்னிடம் வரும், நான் எண்ணுவேன். இதைவிடக் கண்ணியமான முறையை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று எனக்கு அன்று தோன்றியது. டாக்டர் மட்டும் ஒரு வரி சேர்த்தார்: மூன்று கொட்டைக்கு மேல் விழுந்த ஆள் மறுநாள் கடலுக்குப் போகக் கூடாது.

டப்பாக்களை ஓலைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர் ரோசம்மாள். பெரிய வள்ளத்தின் மிக்கேல் தண்டலுடைய மனைவி. மூன்று வள்ளத்துக்கும் கஞ்சி காய்ச்சுவது அவர்தான். நான் அவரை அக்கா என்றேன். அவர் முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏளா, நீ படிச்சது இதை எண்ணத்தானா?" என்று கேட்டார். இரண்டாம் நாளிலிருந்து தாயி என்றார். இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் கொட்டைகளை எண்ணியபோது எனக்குப் புல்லரித்தது. பெரிய வள்ளத்தின் எட்டு டப்பாவிலும் ஏழு ஏழு. அடுத்த வள்ளத்தில் எல்லாருக்கும் ஆறு. மூன்றாவதில் எல்லாருக்கும் எட்டு. கல்லூரியில் நான் செய்த எந்தப் பரிசோதனையும் இவ்வளவு ஒத்து வந்ததில்லை. புத்தியுள்ள எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பாள். நான் நோட்டில் இப்படி எழுதினேன்: "ஒரே கிணறு, ஒரே கஞ்சி, ஒரே உழைப்பு. ஆகவே ஒரே எண்ணிக்கை. இயற்கை எவ்வளவு ஒழுங்கானது!" (அந்த ஆச்சரியக்குறி நோட்டில் இன்னும் இருக்கிறது. அழித்துப் பார்த்தேன், மை போகவில்லை.)

தண்டல்கள் மூன்று பேருக்கு மட்டும் தினமும் ஒன்றிரண்டு கொட்டை அதிகம் இருந்தது. அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. "வயதின் காரணமாகக் குடல் தளர்ச்சி" என்று அடிக்குறிப்புப் போட்டு, மூவரையும் கணக்கிலிருந்து ஒதுக்கினேன். மிக்கேல் தண்டல் அப்போது ஒரு கையால் நங்கூரத்தைத் தூக்குகிற மனிதர்.

மூன்றாம் நாளே சிவப்பு நூல்காரர்களின் எண்ணிக்கை படபடவென்று இறங்கிவிட்டது. நான் ஒரு பெரிய தாளில் சிவப்பு மையால் கோடு போட்டு டாக்டரிடம் காட்டினேன். கோடு மலையிலிருந்து இறங்குகிற ஆடு மாதிரி துள்ளி இறங்கியது. அவர் சந்தோஷத்தில் உடனே பெரிய டாக்டருக்குக் கடிதம் எழுதினார், வந்து பார்க்கும்படி. வெள்ளை நூல்காரர்களின் கோடு எங்கே என்று அவரும் கேட்கவில்லை. நானும் அது கடைசியில் போட்டால் போதும் என்று விட்டிருந்தேன். வெற்றி நிச்சயம் என்றால் தோற்றவர்களைப் பற்றி என்ன அவசரம்?

பெரிய டாக்டர் மறுநாள் வருகிறார் என்று தந்தி வந்த சாயங்காலம் நீல மையை எடுத்து உட்கார்ந்தேன். முதல் புள்ளி சிவப்புப் புள்ளியின் மேலேயே விழுந்தது. சரி, முதல் நாள் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது புள்ளியும் அதன் மேலேயே. மூன்றாவது. நாலாவது. நான் கொட்டைகளைத் திரும்ப எண்ணினேன். நூல்களைச் சரிபார்த்தேன். கூட்டலைக் கீழிருந்து மேலாகக் கூட்டினேன். எத்தனை முறை போட்டாலும் நீலக்கோடு சிவப்புக்கோட்டின் மேல் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டும் கலந்து, கத்தரிக்காய் நிறத்தில் ஒரே கோடு.

அதாவது, நான் மூன்று மாதம் இடித்து வடித்த மருந்தும் எங்கள் அப்பாவின் கருப்பட்டித் தண்ணீரும் சரிசமம். பூட்டையும் சாவியையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளாத்திகுளத்து மீசை கண்முன் வந்து போயிற்று.

பெரிய டாக்டர் காலையில் வந்தார். குள்ளமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். கோட்டுப் பையில் நாலைந்து பென்சில். விறகு அறையைச் சுற்றிப் பார்த்தார், பொடியை நக்கிப் பார்த்தார், முகத்தை மாற்றாமல் இருக்க மிகவும் பாடுபட்டார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த என் தாளின் முன்னால் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"எங்கேம்மா இரண்டாவது கோடு?"

"இதற்குள்ளேதான் இருக்கிறது, ஐயா."

"எதற்குள்ளே?"

"முதல் கோட்டுக்குள்ளே."

அவர் தாளுக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். டாக்டர் தங்கராஜ் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்தார். நான் முந்தின நாள் தயாரித்திருந்த ஆறு காரணங்களை வரிசையாகச் சொன்னேன். தட்பவெப்பம், மோரின் புளிப்பு, நம்பிக்கையின் வலிமை என்று மூன்றாவது வரை போனபோது அவர் கை காட்டி நிறுத்தினார். வருத்தமாகவே சொன்னார், உண்மை சொன்னதற்கு நன்றி என்றார், ஆனால் பட்டைக்காக இனிமேல் சாராயம் கேட்டு எழுத வேண்டாம் என்றார். குடையைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ரோசம்மாள் உள்ளே வந்தார். இடுப்பில் ஒரு பெரிய மண்பானை. பின்னால் மிக்கேல் தண்டல், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி.

"தாயி, இன்னும் ரெண்டு பேருக்கு லேசா இருக்கு. ஒரு நாளைக்கு மருந்து வேணும். இதுல ஊத்திருங்க."

சீசா எங்கே என்று கேட்டேன். பானையில் எப்படி அளவு தெரியும் என்றேன்.

"சீசா எதுக்கு? நீங்க சீசாவுல ஊத்தித் தாரீய. நாங்க அங்கன கொண்டுபோயி இந்தப் பானையிலதான ஊத்துதோம். உங்களுக்கும் ஒரு வேலை மிச்சம், எனக்கும் ஒரு வேலை மிச்சம்."

பெரிய டாக்டர் குடையைச் சுவரில் சாய்த்தார். எல்லாச் சீசாவையுமா ஊற்றினீர்கள் என்று மிகவும் மென்மையாகக் கேட்டார்.

"எல்லாத்தையும்தான் ஐயா. சிவப்பு நூலு, வெள்ளை நூலு எல்லாம் ஒண்ணாக் கலந்து, வேளைக்கு ஆளுக்கு ஒரு சிரட்டை. கூடல்ல, குறையல்ல. வள்ளத்துக்கு வள்ளம் தனித்தனியா நான்தான் நின்னு ஊத்துனேன்."

இரண்டு நூலுக்கும் என்ன வித்தியாசம் என்று இவர்களுக்குத் தெரியாதே என்றேன்.

மிக்கேல் தண்டல் என்னைப் பாவமாகப் பார்த்தார். "ரெண்டு நூலு கட்டுனா ரெண்டு தரம்தானம்மா. உங்க அப்பா மண்டியில கருப்பட்டிச் சிப்பத்துக்கு அப்படித்தான கட்டுதாவ? நல்லதுக்குச் சிவப்பு, மட்டத்துக்கு வெள்ளை."

"வெள்ளை நூலைத் தொறந்தாலே கருப்பட்டி வாசம்," என்றார் ரோசம்மாள்.

(அப்பா மண்டியில் உண்மையில் அப்படித்தான் கட்டுவார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற நூல். என் கைக்குத் தெரிந்தது என் மூளைக்குத் தெரியவில்லை.)

தண்டல் பெரிய டாக்டரிடம் திரும்பி, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்:

"ஐயா தப்பா நெனைக்கப்படாது. ஒருத்தன் தண்ணிக்குள்ள கெடக்கான். ஒருத்தன் மேல நின்னு அவன் கயித்தப் பிடிச்சிருக்கான். கீழ போனவனுக்கு நல்ல மருந்து, மேல உள்ளவனுக்கு மட்ட மருந்துன்னா, அவன் கயித்த எப்படிப் பிடிப்பான்? கயிறு பிடிக்கவன் மனசுல ஒரு குறை இருக்கப்படாது. எங்க வள்ளத்துல மீனு வந்தாலும், கஞ்சி வந்தாலும், பீடி வந்தாலும் ஒண்ணாக் கொட்டித்தான் பங்கு. மருந்து மட்டும் எப்படிப் பிரியும்?"

பெரிய டாக்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, டப்பாவில் போட்ட கொட்டைகள் என்ன ஆயின என்றார்.

ரோசம்மாளும் தண்டலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணுக்கு மேல விழுந்தவன் கடலுக்குப் போகப்படாதுன்னு சொல்லிட்டாவ," என்றார் ரோசம்மாள். "ஒருத்தனுக்கு ரெண்டு, ஒருத்தனுக்குப் பத்துன்னு விழுந்தா, பத்துக்காரன் கரையிலயும் ரெண்டுக்காரன் கடல்லயும் கெடக்கணும். போனா எல்லாரும் போவோம், இருந்தா எல்லாரும் இருப்போம்னு, ராவுல டப்பாவையெல்லாம் கொட்டி மறுபடி பங்கு வச்சோம்."

"பங்கு போட்டு மிச்சம் வந்தால்?" என்றார் பெரிய டாக்டர். அவர் உதடு துடிக்க ஆரம்பித்திருந்தது.

"அது தண்டலுக்கு," என்றார் மிக்கேல் தண்டல், நிமிர்ந்து. "தலைவரு பங்குல்லா."

என்னுடைய 'வயதின் காரணமாகக் குடல் தளர்ச்சி' அடிக்குறிப்பு, சுவரில் ஒட்டிய தாளின் அடியில், தண்டலின் தலைக்கு நேர் மேலே இருந்தது. பெரிய டாக்டர் அதைப் படித்தார். தண்டலைப் பார்த்தார். மறுபடி படித்தார். அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் பையிலிருந்த பென்சில்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. டாக்டர் தங்கராஜ் குனிந்து பொறுக்கப் போனவர் மேஜைக்கு அடியிலேயே வெகுநேரம் இருந்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் சிரிக்கவில்லை. மனசுக்குள் நான் செய்த தவறுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பதினொன்றாவதில் இருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டபின் பெரிய டாக்டர் எனக்கு ஒரு கேள்வி போட்டார்: இந்தத் தாள் எதை நிரூபிக்கிறது? நான் யோசித்து, ஒன்றையும் நிரூபிக்கவில்லை என்றேன். மருந்து வேலை செய்ததா, செய்யவில்லையா என்று தெரியாது. எல்லாரும் ஏறக்குறைய பாதி வீரியத்தில் குடித்திருக்கிறார்கள். கஞ்சியாலும் மோராலும் தானாகவே தேறியிருக்கலாம். போதாக்குறைக்கு, நிலவேம்பும் சும்மா இருக்கிற சரக்கு இல்லை. அதை வெறும் கசப்பு என்று நான் நினைத்திருக்கக் கூடாது. சொல்லும்போதே என் காது சூடாகியது.

"அப்படியானால் மருந்து தோற்கவில்லை," என்றார் அவர். "சோதனைதான் தோற்றது. திருப்பிச் செய்ய முடியுமா?"

முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. இவர்கள் எதைக் கொடுத்தாலும் கலந்துவிடுவார்களே. நான் சொல்வதற்குள் ரோசம்மாள் பானையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"பிரிச்சுப் பாக்கணும்னா வள்ளத்தைப் பிரிங்க தாயி. வள்ளத்துக்குள்ள ஆளைப் பிரிக்காதீய."

அடுத்த வள்ளத்தோடு பங்கு போட மாட்டீர்களா என்று கேட்டேன்.

"அவன் கயித்த நாங்களா பிடிக்கோம்?" என்றார், நான் ஏதோ முறையற்றதைக் கேட்டுவிட்டதுபோல.

படித்த மூன்று பேர் அந்த அறையில் இருந்தோம். எண்ண வேண்டியது ஆளை அல்ல, வள்ளத்தை என்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரிய டாக்டர் ஒரு பென்சிலை எடுத்து, என் தாளைச் சுவரிலிருந்து எடுத்து அதன் பின்பக்கத்தில் ஆறு வள்ளம் வரைந்தார். மூன்றுக்கு மருந்து, மூன்றுக்கு மற்றது. இரண்டு நாளில் குறையாத வள்ளத்துக்கும் பிறகு மருந்து கொடுத்துவிட வேண்டும். பருவம் முடிகிறவரை எனக்கு அறை உண்டு. கரையோடு நிறுத்துகிற அந்த மூன்று கொட்டை விதியை டாக்டர் தங்கராஜ் தானாகவே வாபஸ் வாங்கினார்.

இரண்டாம் சோதனைக்கு மறுபடியும் கிணறு கலங்க வேண்டுமே. நான் மழைக்காக வேண்டிக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். வந்தது. இந்தத் தடவை எல்லாப் பானைக்கும் ஒரே நிற நூல். நிலவேம்பும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. நிறத்துக்குச் சீனியைக் கருக்கினேன்; கசப்புக்கு, வயிற்றோடு சம்பந்தமில்லாத ஒரு வேரை டாக்டரே தேடிக்கொடுத்தார். சீசா கூட இல்லை, வள்ளத்துக்கு ஒரு பானை. கொட்டை போட வள்ளத்துக்கு ஒரே டப்பா. தண்டல்களுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

கோடுகள் பிரிந்தன. நான் கனவு கண்ட அளவுக்கு இல்லை. நடுவில் ஒரு விரல் நுழையலாம், அவ்வளவுதான். மருந்து குடித்த வள்ளங்கள் மற்றவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்னால் கடலுக்குப் போயின. ஆறு வள்ளத்தை வைத்து இதற்குமேல் எதுவும் சொல்லக் கூடாது என்று எழுதி, ஆச்சரியக்குறி இல்லாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அந்த நிதானத்துக்காகவே அறையை எனக்குக் கொடுத்ததாகப் பெரிய டாக்டர் பிற்பாடு சொன்னார். விறகுக்கு வேறு இடம் பார்த்தார்கள். விளாத்திகுளத்து மீசை வேறொரு வீட்டில் சௌக்கியமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் இந்தக் கதை மட்டும் இன்னும் ஓயவில்லை. நான் எதையாவது பெருமையாக ஆரம்பித்தால் அம்மா அடுப்படியிலிருந்தே, "எங்கேட்டி ரெண்டாவது கோடு?" என்பாள். அப்பா இலையில் தனக்கு ஒரு அப்பளம் கூடுதலாக விழுந்தால், "தலைவரு பங்குல்லா" என்று எடுத்துக்கொள்வார். மண்டியில் நூல் கட்டும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டுவதும் உண்டு.

போன வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவர் துறைமுகத்தில் கப்பல் பாரங்களைக் குறித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார், சாந்தமானவர். கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஒரு விருந்துக்குப் போய்விட்டு வந்து இரண்டு பேருக்கும் வயிறு கலங்கிவிட்டது. எனக்கு ஒரு வாய்ப்பாகப் பட்டது. அவருக்கு என் பட்டை மருந்து ஒரு சீசா, எனக்கு வெறும் உப்பிட்ட மோர் ஒரு சீசா. யார் முதலில் தேறுகிறோம் என்று பார்த்துவிடலாம் என்று இரண்டையும் மேஜைமேல் வைத்தேன். அவர் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். போய் ரசச் சட்டியைக் கொண்டுவந்து, இரண்டையும் அதில் ஊற்றிக் கலக்கி, இரண்டு தம்ளரில் சமமாகப் பிரித்து, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"கயிறு பிடிக்கிறவள் மனசிலே குறை இருக்கக் கூடாதில்லையா?" என்றார்.

மறுநாள் காலை இருவரும் ஒரே நேரத்தில் தேறினோம். சோதனை எதையும் நிரூபிக்கவில்லை என்று நோட்டில் எழுதிவைத்தேன்.